மிஞ்சிப்போன டானிக்

முடிந்துவிட்டது. முடிந்தே தொலைந்துவிட்டது அந்த ஆட்டம், இனி என்ன செய்ய? இடதுகையில் இரண்டு ஊசியும் ஏற்றியாயிற்று, ஜெபா அக்கா பிளாஸ்திரியை இழுத்து ஒட்டி, டயாலிசிஸ் மெஷினைத் தட்டிவிட்டு, "கைய அசைக்காத ஆவுடை, என்ன?" என்று எப்போதும் சொல்லுகிறதைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயாயிற்று, ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய் இன்னொரு குழாய் வழியாக உள்ளே வருகிற அந்த மெல்லிய கறகறப்பும் ஆரம்பித்தாயிற்று, இனி நாலு மணி நேரத்துக்கு ஆவுடையப்பன் எங்கேயும் போக முடியாது, போக இடமும் கிடையாது. வயிற்றுக்கு மேலே இழுத்துவிட்ட சாப்பாட்டுப் பலகையில் கேம் மெஷின் வெளிச்சமாக நிற்கிறது. வலதுகையில் கன்ட்ரோலரின் ஒரு பாதி. மற்ற பாதி வீட்டில் மேஜை டிராயரில் கிடக்கிறது, நாலு வருஷமாக அதைத் தொட்டதில்லை, ஒற்றைக் கையால் ஆட முடிகிறது மட்டும்தான் அவனுக்கு ஆட்டம். குதித்து ஓடி வெட்டுகிறதெல்லாம் இரண்டு கை உள்ளவர்களுக்கு. இவனுக்கு வேண்டியது, நம் முறை முடிகிறவரை எதிரி வாளை ஓங்கிக்கொண்டு மரியாதையாகக் காத்து நிற்கிற ஆட்டம். ஒரு ராஜா, ஒரு ராட்சசன், கொஞ்சம் மந்திரம், கூட நடக்க நாலு பேர், நிதானமாக யோசித்து ஒரே ஒரு பொத்தான். கடைப் பக்கத்தைத் திறந்தால் படம் படமாகக் கொட்டிக் கிடக்கிறது, தள்ளுபடி வேறு. கப்பல் மேல் நிற்கிற சிவப்புத்தலைக்காரி. பனிமலையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தன், ஏன்தான் எல்லாப் படத்திலும் முதுகையே காட்டுகிறான்களோ. பாழடைந்த கோட்டை, அதற்கு மேலே இரண்டு நிலா. ஒன்றைத் தொடுவான், கதையை இரண்டு வரி வாசிப்பான், ஆடி முடிக்க இருபது மணி நேரம் என்று போட்டிருக்கும், மூடுவான். இன்னொன்றைத் தொடுவான், நூற்று இருபது மணி நேரம் என்று போட்டிருக்கும், அதையும் மூடுவான். முன்னெல்லாம் பெரிய நம்பரைப் பார்த்தால் வாயில் எச்சில் ஊறும். இப்போது பார்த்தாலே விரல் தானாக மூடுகிற பொத்தானுக்குப் போகிறது. ஏன் என்று அவனுக்குத் தெரியும், தெரிந்ததை நினைக்காமல் அடுத்த படத்துக்குப் போனான்.

முடிந்துபோன ஆட்டத்துக்கு இங்கிலீஷில் நாக்கு சுளுக்குகிற மாதிரி ஒரு நீளப் பேர். பக்கத்துக் கட்டில் மைதீன் பாய்க்கு அது வாயில் நுழையவில்லை, "வெள்ளைக்குதிரை" என்று அவரே பேர் வைத்துவிட்டார். தென்காசி பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்த மனுஷன், படுத்தபடியே கழுத்தை எக்கி எக்கி இவன் திரையைப் பார்ப்பார், நாலு பேரும் குகைக்குள் நுழைந்தால் "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்பார், வெள்ளைக்குதிரையில் வருகிற பெண்ணைப் பார்த்தால் "எம் மவ சாயல்லா அப்படியே" என்பார். மகளுக்கு நீலத் தலைமுடியா பாய் என்று கேட்டால் கோபம் வந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு அடி விழுந்துவிட்டால் போதும், வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம்: "ஏ வே, அந்த டானிக்க எடுத்துக் குடுமேன் அந்தப் பிள்ளைக்கு!" டானிக் என்பது ஒரு பச்சைக் குப்பி. எந்தக் கடையிலும் கிடைக்காது, எங்காவது சுவருக்குப் பின்னால், ஏதாவது எலும்புக்கூட்டின் மடியில் ஒன்று அகப்படும். குடித்தால் சாகக் கிடக்கிறவன் புத்தம் புதுசாக எழுந்து உட்காருவான். ஆவுடை கொடுக்க மாட்டான். சில்லறை மருந்தைக் கொடுப்பான், மூலிகையைத் தேய்ப்பான், குதிரையைத் திருப்பிக்கொண்டு ஓடிக்கூடப் போவான், டானிக்கில் மட்டும் கை வைக்க மாட்டான். "இருக்கட்டும் பாய். பின்னால பெரிய சண்டை வரும்." எத்தனை தடவை இதைச் சொல்லியிருப்பான். அந்தக் கிழட்டு வில்லாளி செத்தானே, அன்றைக்கும் இதைத்தான் சொன்னான். அந்த ஆட்டத்தில் செத்தால் செத்ததுதான், திரும்ப வரமாட்டார்கள். வழியெல்லாம் கூடவே நடந்து வந்து, நெருப்பு மூட்டிய இடத்திலெல்லாம் உட்கார்ந்து செத்துப்போன பெண்டாட்டி கதையைச் சொல்லிக்கொண்டிருந்த கிழவன், ஒரு பாலத்து மேல் முட்டியை ஊன்றி விழுந்தான், பையில் இருபதுக்கு மேல் பச்சைக் குப்பி. பாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "பை நெறைய வெச்சுக்கிட்டு கெழவனச் சாவ விட்டுட்டீரே. நீரெல்லாம் ஒரு மனுஷனா வே?" அடுத்த முறை வந்தபோதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு பொம்மை பாய், கம்ப்யூட்டர் பொம்மை என்று இவன்தான் கெஞ்ச வேண்டியிருந்தது.

போன முறை பெரிய சண்டை வந்தது. அதுதான் கடைசி, அதற்கு அப்புறம் ஆட்டமே இல்லை. வானமளவு நிற்கிற ராட்சசன், மூன்று முகம், ஒவ்வொரு முகமும் தனித்தனியாகச் சாக வேண்டும். பாய் எழுந்து உட்காரப் பார்த்து ஜெபா அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆவுடை பையைத் திறந்து வைத்துக்கொண்டே ஆடினான், இந்த அடிக்கு வேண்டாம், அடுத்த அடிக்குப் பார்ப்போம், இந்த முகம் போகட்டும், அடுத்த முகத்துக்கு எடுப்போம் என்று தள்ளித் தள்ளி, பார்த்தால் மூன்றாவது முகமும் சரிந்து பாட்டுப் போட்டுவிட்டான். பேர் பேராக மேலே ஏறுகிறது. அவ்வளவுதானா என்றிருந்தது. எது பெரிய சண்டை? வந்ததே தெரியவில்லை, அதற்குள் போய்விட்டதே. "எத்தன மிச்சம் வே?" என்றார் பாய். பையைப் பார்த்துச் சொன்னான், முப்பத்தேழு. பாய் சிரிக்க ஆரம்பித்தார், அவர் சிரித்து இவன் சிரித்து, பாயின் மெஷின் கீ கீ என்று கத்தி, ஜெபா அக்கா ஓடிவந்து இரண்டு பேரையும் திட்டி, அப்படி ஒரு சிரிப்பு சிரித்து நாளாகியிருந்தது. பஞ்சு வைத்து அழுத்திய கையோடு அந்தச் சிரிப்பு மாறாமல்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு டாக்டர் அறைக்கு ஏறினான். அம்மாவின் ரிப்போர்ட் வந்திருந்தது. டாக்டர் அதை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், அவர் கண்ணாடியைக் கழற்றினால் நல்லது வராது என்று இந்த நாலு வருஷத்தில் ஆவுடைக்குத் தெரியும். சுகர். ரொம்ப நாளாகவே உள்ளுக்குள் இருந்திருக்கிறது, சிறுநீரில் புரதம் ஒழுக ஆரம்பித்துவிட்டது. "இனி அம்மாகிட்ட கிட்னி எடுக்க முடியாது ஆவுடை. அவங்களுக்கு இருக்கிற ரெண்டும் அவங்களுக்கே பத்துமான்னு பாக்கணும்." முப்பத்தேழு என்று அப்போது மனசுக்குள் ஒரு சத்தம் கேட்டது, பாயின் சிரிப்போடு கேட்டது, இன்னும் நிற்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் இதே டாக்டர் இதே நாற்காலியில் இருந்துகொண்டு சொன்னாரே, ரத்த குரூப் சேருது, எல்லாம் சேருது, அம்மா நல்ல திடமா இருக்காங்க, இப்பவே வெச்சிரலாம் என்று. அம்மாவா, கேஸ் சிலிண்டரை இடுப்பில் வைத்து மாடி ஏறுகிறவள் அன்றைக்கு. "எனக்கு ரெண்டு என்னத்துக்கு சார்? ஒண்ணு சும்மாதான கெடக்கு, எடுத்துக்கிடட்டும்" என்றாள், ஏதோ வீட்டில் மிஞ்சிக் கிடக்கிற பாத்திரத்தைக் கொடுக்கிற மாதிரி. வேண்டாம் என்றது யார்? இவன்தான். "இப்ப வேண்டாம் சார். டயாலிசிஸ் நல்லாத்தான ஒத்துக்கிடுது. வெச்ச கிட்னியும் பத்துப் பன்னண்டு வருஷந்தான் ஓடும்னு நீங்கதான சொன்னீங்க. இதுல முடிஞ்சமட்டும் ஓட்டிட்டு, முடியாதப்ப அத எடுத்துக்கிடுதேன்." எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். சீக்கிரம் வைக்கிறதுதான் நல்லது என்று டாக்டர் சொன்னதும் காதில் ஏறவில்லை. ஊரில் என்ன பேச்சு தெரியுமா, பெற்றவளைக் கத்தி வைக்க விடமாட்டேன்னு சொல்லிட்டான், பிள்ளைன்னா அப்படில்லா இருக்கணும் என்று பெரியம்மாவும் சித்தியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இவனும் சும்மா இருந்துகொண்டான். பாசமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பின்னால் பெரிய சண்டை வரும் என்று பைக்குள் போட்டு வைத்தான், அவ்வளவுதான், நல்ல சாமானைச் செலவு பண்ண மனசு வராத பிறவி. அம்மா அதை எப்படி வைத்திருந்தாள். அன்றையிலிருந்து காப்பியில் சீனி போடவில்லை, கல்யாண வீட்டில் லட்டைத் தொடவில்லை, உப்பைக் குறைத்தாள், முட்டு வலிக்கு ஒரு மாத்திரை போட மாட்டாள், கேட்டால் "இது ஒனக்குள்ளதுல்லாலே, நான் பத்திரமாத்தான வெச்சிருக்கணும்" என்பாள். சீனியே போடாதவளுக்கு சுகர். மாடியிலிருந்து இறங்கி ஆட்டோவில் ஏறினார்கள். வண்ணார்பேட்டை பாலத்தில் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒழுங்கா வெச்சிருக்கத் தெரியலயேல எனக்கு, மன்னிச்சிருல" என்றாள். அவள் கேட்கிறாள் மன்னிப்பு. அவள். வாயைத் திறந்து அம்மா நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆற்றில் தண்ணீர் போகிறதைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

வலதுகையில் சுற்றியிருக்கிற பட்டை உர்ரென்று காற்றைப் பிடித்து இறுக்கியது. அரை மணிக்கு ஒரு தரம் பிரஷர் பார்க்க அதுவே இப்படி இறுக்கும், விரல் மரத்துப் போகும், அந்த நேரம் ஒரு பொத்தானைக்கூட அமுக்க முடியாது, வெள்ளைக்குதிரையில் எத்தனையோ சண்டை இதற்காகப் பாதியில் நின்றிருக்கிறது. ஊசி ஏற்றுகிற இந்த இடதுகை நரம்பும் சுருங்கிக்கொண்டு வருகிறது என்று ஸ்கேனில் சொல்லியாயிற்று. இது அடைத்தால் அடுத்து வலதுகை. வலதுகையில் ஊசி ஏறினால் டிராயரில் கிடக்கிற மற்ற பாதி கன்ட்ரோலர் உதவும் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் சிரிப்பும் வந்தது, பார், அதையும் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறாய். அந்தக் கையும் போனால்? போனால் கழுத்தில் குழாய். லிஸ்டில் பேர் இருக்கிறது, யாரோ எங்கேயோ பைக்கிலிருந்து விழுந்து மூளை செத்து அவர் வீட்டார் சம்மதித்து இவன் முறை வந்தால் போன் வரும், வரும் வரும் என்று இருக்கிறவர்கள் இந்த வார்டிலேயே பாதிப் பேர். பட்டை தளர்ந்தது. இரண்டு நிலாவை மறுபடி திறந்தான். நூற்றுப் பத்து மணி நேரம். வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நாலு மணி, அதில் தூக்கமும் தசைப்பிடிப்பும் போக, அடச்சே, கணக்குப் போடாதே என்றால் கேட்கிறதா இந்த மனசு. பேசாமல் பழையதையே மறுபடி ஆடினால் என்ன? முடித்தவனுக்கு ஒரு சலுகை உண்டு அதில், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், சேர்த்து வைத்ததெல்லாம் பையோடு கூடவே வரும். முப்பத்தேழும் வரும். கிழவன் உயிரோடு வருவான், நெருப்பு மூட்டிய இடத்திலெல்லாம் அதே கதையைச் சொல்லுவான், பாலத்தில் அவன் விழுகிறபோது ஒன்றை எடுத்துக் கொடுக்கலாம். கொடுப்பானா? கொடுப்பேன் என்றுதான் நினைக்கிறது. ஆனால் முப்பத்தேழு முப்பத்தாறு ஆகிற அந்த இடத்தில் விரல் நின்றுவிடும் என்று அவனுக்குத் தோன்றியது, அப்படித் தோன்றியதும் பழையதைத் திறக்கவே பயமாக இருந்தது.

"என்ன வே, அடுத்த வண்டி ஏறலியா இன்னும்?" என்று பாய் கண் விழித்தார். எடை கூடி வந்ததற்கு ஜெபா அக்காவிடம் காலையிலேயே பாட்டு வாங்கியிருந்தார், வரும் வழியில் சர்பத் குடித்திருக்கிறார், கேட்டால் நாக்கு வறண்டா மனுஷன் என்ன செய்வான் என்கிறார். அவரிடம் மிச்சம் என்று ஒன்று கிடையாது, அன்றன்றைக்கு உள்ளதை அன்றன்றைக்கே தின்று தீர்த்து அவஸ்தைப்படுகிற ஆள். "எது நல்லாருக்கும்னு தெரியல பாய்" என்றான் ஆவுடை. "சின்னதா எடும் வே. போன ஆட்டம் மாதிரி சவ்வா இழுத்துராதேயும். எனக்கும் கிளைமாக்ஸ் பாக்கணும்லா?" சாதாரணமாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டுக் கால் கட்டைவிரலை ஆட்டிப் பார்த்துக்கொண்டார், போன மாதம் அதற்குப் பக்கத்து விரலை எடுத்துவிட்டார்கள். ஆவுடை படங்களை மறுபடி மேலே தள்ளினான். சின்னது என்றால் கப்பல்காரிதான், இருபது மணி நேரம், முடிந்துவிடும், முடிந்த பிறகு மறுபடி இதே மாதிரி ஒரு நாள் வரும், மறுபடி கடை, மறுபடி படம். அம்மாவின் ரிப்போர்ட்டைப் பற்றி பாயிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்ன சொல்லுவார் என்று நன்றாகத் தெரியும். பை நெறைய வெச்சுக்கிட்டு.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். பாதி நேரத்தில் இரண்டு இட்லி ஊட்டிவிட ஜெபா அக்கா அவளை மட்டும் உள்ளே விடுவாள். செருப்பைக் கழற்றிவிட்டு, டப்பாவைத் திறந்து, சட்னி தொடாத இட்லியைப் பிட்டு வாயில் வைத்தாள். முகம் இரண்டே நாளில் வாடிப்போயிருந்தது. அவள் பையில் அவளுக்கும் ஒரு மாத்திரை டப்பா வந்துவிட்டது, இவன் பார்க்கக் கூடாது என்று முந்தானைக்குள் தள்ளிக்கொண்டாள். "வெள்ளக்குதிர முடிஞ்சிட்டாம்லா? பாய் சொன்னாவ." ஆமா என்றான். "அடுத்தது எதுல?" திரையைக் காட்டினான். அவளுக்கு என்ன தெரியும், படத்தைப் படத்தைப் பார்த்தாள். "இதுல எது ரொம்ப நாள் வரும்?" என்றாள். ஆவுடை அவளைப் பார்த்தான். அவள் இவனைப் பார்க்காமல் அடுத்த துண்டு இட்லியைப் பிட்டாள். "பெருசா பாத்து எடுல. சின்னதெல்லாம் எடுக்காத. இருக்கதுலயே பெருசு எதுவோ அத எடு." பாய் என்னமோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி தலையணையில் சாய்ந்துகொண்டார். ஆவுடை தேடினான். கட்டம் கட்டமாகப் பழைய பாணியில் வரைந்த ஒரு ஆட்டம் கீழே கிடந்தது, இறக்குகிறதற்குச் சின்னது, ஆடுகிறதற்கு இருநூறு மணி நேரம் ஆகும் என்று போட்டிருந்தது. "இதாம்மா பெருசு." "எடு அத." ஆஸ்பத்திரி வைஃபை இந்த மூலைக்கு எட்டாது, இவன் போனில் அன்றைக்கு உள்ள டேட்டா கடையைத் துழாவியே தீர்ந்துபோயிருந்தது. "என் போன்ல உள்ளத எடுத்துக்கயேன்" என்றாள் அம்மா. "எனக்கு என்னத்துக்குல அம்புட்டு? தெனமும் சும்மாதான கெடக்கு." சொன்னபிறகுதான் அவளுக்கே அது எங்கேயோ சொன்னதாக உறைத்திருக்க வேண்டும், டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டாள். இவன் இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லவில்லை. "கதவுகிட்டயே நில்லும்மா, தள்ளிப் போனா நெட்டு நின்னுரும்" என்றான்.

வெளியே போய்க் கண்ணாடிக் கதவில் போனை ஒட்டி உயர்த்திப் பிடித்துக்கொண்டாள், ரயிலில் வந்து இறங்குகிறவனுக்குப் பேர் எழுதின அட்டையைக் காட்டுகிற மாதிரி. இறங்கியது. நின்றது, மறுபடி இறங்கியது. பக்கத்தில் குழாயில் ரத்தம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. முடிந்ததும் ஆட்டம் தானாகத் திறந்தது, ஒரு சின்ன வீடு, ஒரு ஜன்னல், கட்டிலில் ஒருத்தன் தூங்குகிறான். இந்த வகையில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும், அம்மாக்காரி வந்து எழுப்புவாள், விடிஞ்சு எம்மாம் நேரமாச்சு என்பாள், ராஜா கூப்பிட்டு விட்டிருக்கிறார் என்பாள், வாசலில் வைத்து வழிக்கு இருக்கட்டும் என்று எதையாவது கையில் கொடுப்பாள். கொடுத்தாள். ஒரு குப்பி, இதில் சிவப்பு. "ஏ, டானிக்கு!" என்றார் பாய். வாசலைத் தாண்டவில்லை, ஒரு எறும்புகூட இன்னும் எதிரே வரவில்லை, ஆவுடை பையைத் திறந்தான், குப்பியின் மேல் கொண்டுபோய் நிறுத்தினான், குடி என்று அமுக்கினான். இரண்டு வரி வந்தது, உடம்பில் ஒரு குறையும் இல்லை, இப்போது வேண்டாம் என்று. மறுபடி அமுக்கினான். மறுபடியும் அதையே சொன்னது. "குடிச்சிட்டானா வே?" "இல்ல பாய்." "ஏனாம்?" "இப்ப வேண்டாமாம்" என்றான் ஆவுடை, சொல்லும்போது குரல் உடைந்து கண் முட்டிக்கொண்டு வந்தது, பாய் என்னவோ ஏதோவென்று கழுத்தை எக்கிப் பார்த்தார். வலதுகைப் பட்டை உர்ரென்று இறுக்க ஆரம்பித்தது, விரல் மரத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா இன்னும் கையைத் தூக்கிப் போனை ஒட்டிப் பிடித்தபடியே நின்றாள், எல்லாம் இறங்கி முடிந்துவிட்டது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. போதும்மா, கைய இறக்கு என்று சைகை காட்ட வேண்டும். ஒரு கையில் ஊசி இருந்தது, மற்ற கையைப் பட்டை விடவில்லை.